ஏற்றத்தில் கொதிக்கும் ஜீப்: பழைய இன்ஜின் சூடேறுவதன் காரணம் தேடி

பெரியகுளம் வட்டாரத்தில் ஓடும் பழைய டீசல் ஜீப் ஒன்று "தண்ணி கொதிக்குது" என்று பட்டறைக்கு வந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பி அனுப்புகிறார்கள். அல்லது "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்" என்று சொல்லி ஹெட்டை இறக்கிவிடுகிறார்கள். முதல் வேலைக்குச் செலவே இல்லை. இரண்டாவதற்கு லேத் கூலி, கேஸ்கெட் செட், ஆயில், ஆள்கூலி என்று ஆயிரக்கணக்கில் போகும். இரண்டிலும் காரணத்தைத் தேடும் வேலை மட்டும் நடப்பதில்லை. சில மாதங்கள் கழித்து அதே வண்டி அதே வளைவில் ஆவி கக்கி நிற்கும்போது, "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

அது சரியல்ல. வயதானதாலேயே எந்த இன்ஜினும் சூடேறுவதில்லை. எங்கோ தண்ணீர் ஓட்டம் குறைந்திருக்கும், அல்லது காற்று குறைந்திருக்கும், அல்லது அளவுக்கு மீறிய சூடு உற்பத்தியாகும். இந்த மூன்றில் எது என்பதை, ஸ்பேனரைத் தொடும் முன்பே பெரும்பாலும் சொல்லிவிட முடியும்.

இதை ஆராய்வதற்கு இந்தப் பகுதியைவிடத் தேவையுள்ள இடம் குறைவு. போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர்ப் பக்கங்களிலிருந்து விடியுமுன்பே இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குப் புறப்படும் தொழிலாளர்களை, அவர்களில் பெரும்பகுதி பெண்களை, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மலைச்சாலைகளில் ஏற்றிச் செல்பவை ஜீப்புகள்தான். சோத்துப்பாறைக்கு மேலே அகமலைப் பக்கத்துக் கிராமங்களுக்குச் சாமான் ஏற்றுவதும் காப்பி, இலவம் இறக்குவதும் ஜீப்தான். மகிந்திராவின் எம்எம் 540, கமாண்டர், மேஜர், மார்ஷல் ஆகியவை சந்தையிலிருந்து போய்ப் பல ஆண்டுகள் ஆன பின்னும் இங்கே உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவை வழியில் நின்றால் ஒரு வண்டி முழுக்க இருப்பவர்களின் அன்றைய கூலி போகிறது. கொண்டை ஊசி வளைவில் நின்றால் உயிருக்கே ஆபத்து.

டீசலை எரித்து வரும் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போகிறது. மிச்சம் இருக்கும் பங்கில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்து ரேடியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். எம்எம் 540இல் வந்த பீஜோ வகை 2.1 லிட்டர் எக்ஸ்டிபி இன்ஜினில் டீசல் முதலில் ஒரு சிறு முன்னறையில் எரிகிறது. அந்த அறையின் சுவர்கள் கூடுதல் சூட்டைத் தண்ணீருக்குத் தருகின்றன. பின்னால் வந்த பல வண்டிகளில் இருக்கும் 2.5 லிட்டர் எம்டிஐ இன்ஜினில் டீசல் நேராக பிஸ்டன் தலைமேல் தெளிக்கப்படுவதால் அந்த இழப்பு குறைவு. ஆகவே ஒரே ஏற்றத்தில் ஒரே சுமையோடு போகும் இரண்டு ஜீப்புகளின் ரேடியேட்டர்களுக்கும் ஒரே அளவு வேலை என்று எண்ணிவிடக் கூடாது. எம்டிஐ மாற்றிய வண்டியின் அனுபவத்தை வைத்து பீஜோ வண்டிக்கு வைத்தியம் சொல்வது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை.

மலை இன்னொரு தொல்லையையும் சேர்க்கிறது. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். 2,100 மீட்டரைத் தாண்டிய கொடைக்கானலில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைத் தடுக்கத்தான் ரேடியேட்டர் மூடி இருக்கிறது. பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் வேலையை அந்த மூடியின் ஸ்பிரிங் செய்கிறது. 0.9 பார் அழுத்தம் பிடிக்கும் மூடி ஒன்று கொடைக்கானல் உயரத்திலும் கொதிநிலையை 115 டிகிரிக்குப் பக்கத்தில் நிறுத்தும். அதன் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அந்த இருபது டிகிரிப் பாதுகாப்பும் போய்விடும். வேறு எந்தக் குறையும் இல்லாத வண்டிகூட கொடைக்கானல் சாலையில் டம்டம் பாறைக்கு மேலே கொதிக்கத் தொடங்கும். சோதனை மூடியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். புதிது வாங்கும்போது அந்த வண்டிக்குச் சொன்ன அழுத்தத்தையே வாங்க வேண்டும். பழைய ஜீப்புகள் பலவற்றுக்குக் குறைந்த அழுத்த மூடிதான். "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று பெரிதைப் போட்டால் பித்தளை ரேடியேட்டரின் ஈயப்பற்று பிளக்கும்.

இனி முக்கியமான கேள்விக்கு வரலாம். வண்டி எங்கே சூடேறுகிறது, எப்போது சூடேறுகிறது? ஓட்டுநரிடம் இதைப் பொறுமையாகக் கேட்டாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். இதற்கு வேண்டிய சாலைகளைப் பெரியகுளத்தின் அமைப்பே தந்திருக்கிறது. கடைவீதியின் நெரிசல், தேனிக்கும் வத்தலக்குண்டுக்கும் போகும் சமதள நெடுஞ்சாலை, காட்ரோட்டில் பிரிந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலை என்று மூன்று விதமான ஓட்டமும் ஒரு மணி நேரத்துக்குள் கிடைக்கும்.

நெரிசலில் நிற்கும்போது முள் ஏறி, சாலையில் வேகமெடுத்ததும் இறங்கினால் குறை காற்றில். வண்டி ஓடும்போது வரும் எதிர்காற்று செய்யும் வேலையை நிற்கும்போது ஃபேன் செய்ய வேண்டும், அது செய்யவில்லை. ஃபேன் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா, இறக்கை உடைந்திருக்கிறதா, ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய கூண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கூண்டு இல்லாத ஜீப்புகள் இங்கே ஏராளம். ஏதோ ஒரு வேலைக்குக் கழற்றியபோது திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள். அது இல்லையென்றால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கவாட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி வீசும். ரேடியேட்டர் இதழ்களில் சேறும் பூச்சியும் அடைவது எங்கும் உள்ளதுதான். இலவங்காய் வெடிக்கும் பருவத்தில் பஞ்சிழையும் அதோடு சேர்ந்து படிந்துவிடும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவினால் போதும். கார்வாஷ் பம்ப்பின் முழு வேகத்தையும் அதன்மேல் காட்டினால் இதழ்கள் மடங்கி நிலைமை இன்னும் மோசமாகும்.

இதற்கு நேர்மாறாக, நிற்கும்போது சாதாரணமாக இருந்து, தேவதானப்பட்டி தாண்டிச் சமதளத்தில் எழுபது எண்பதில் போகும்போது ஏறினால் குறை தண்ணீர் ஓட்டத்தில். அந்த வேகத்தில் காற்றுக்குப் பஞ்சமில்லை. ரேடியேட்டரின் உட்குழாய்கள் உப்பு படிந்து அடைத்திருக்கலாம். வாட்டர் பாடியின், அதாவது தண்ணீர் பம்ப்பின், உள்ளே இருக்கும் இறக்கை அரித்துத் தேய்ந்திருக்கலாம். சில நேரம் இறக்கை தண்டில் தளர்ந்து, புல்லி சுற்றினாலும் அது சுற்றாமல் நிற்கும். எளிதில் கண்ணில் படாத இன்னொன்று கீழ் ஹோஸ். இன்ஜினை ரேஸ் செய்யும்போது பம்ப்பின் உறிஞ்சலில் பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே ஒடுங்கிவிடும். அதற்குள் இருக்க வேண்டிய ஸ்பிரிங் துருப்பிடித்துப் போயிருக்கும். வண்டி நின்றதும் ஹோஸ் பழையபடி விரிந்துகொள்ளும். பட்டறையில் நின்ற வண்டியைப் பார்ப்பவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க இன்னொருவர் கீழே பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது, மலையில் மட்டும் சூடேறுவது. இதுதான் கடினமானது, இங்கே மிகவும் பொதுவானதும்கூட. அடிவாரத்து முந்தலிலிருந்து போடிமெட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். முழுச் சுமையோடு இரண்டாம் கியரில் ஏறும் ஜீப்பின் இன்ஜின் தன் முழுத் திறனில் உழைக்கிறது. வண்டியோ பதினைந்து இருபது கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. எதிர்காற்று இல்லை. மலையடிவாரத்திலிருந்து காற்று பின்னாலிருந்து வீசினால் அதுவும் போச்சு. ஒவ்வொரு பாகமும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருந்தாலே, சமதளத்தில் வெளியே தெரியாமல் இருந்தது இங்கே வெளிப்பட்டுவிடும். ரேடியேட்டரில் கால்வாசி அடைப்பு, சற்றே தளர்ந்த பெல்ட், கூண்டு இல்லாத ஃபேன் ஆகிய மூன்றும் தனித்தனியே வண்டியை நிறுத்தாது, சேர்ந்தால் நிறுத்தும். மலையில் மட்டும் கொதிக்கும் வண்டிக்கு ஒரே ஒரு குற்றவாளியைத் தேடுவதே பெரும்பாலும் தவறான தொடக்கம். சபரிமலைக் காலத்தில் கம்பம்மெட்டு வழி ஏற்றமும் குமுளி வழி இறக்கமும் என்று போக்குவரத்தைப் பிரித்து விட்டாலும், ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து நிற்க நேரும்போது நெரிசல் நோயும் மலை நோயும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. கார்த்திகை, மார்கழியில் சாலையோரம் பானட்டைத் திறந்து நிற்கும் வண்டிகளின் வரிசைக்கு அதுதான் காரணம்.

கிளப்பிய சில நிமிடங்களிலேயே சூடேறினால் கதை வேறு. தண்ணீர் இல்லை, தண்ணீர்ப் பாதையில் காற்று அடைபட்டிருக்கிறது, தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிவிட்டது, அல்லது உண்மையாகவே ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. முள் மட்டும் ஏறி ஹோஸ் சூடாகவே இல்லையென்றால் மீட்டரையும் சென்சாரின் எர்த்தையும் பார்க்க வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கி இப்போது சாதாரண டூல்ஸ் கடையிலேயே கிடைக்கிறது. இன்ஜின் சூடேறி, இரண்டாயிரம் சுற்றில் நிற்கும்போது ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் அளந்து பார்க்கலாம். மேலே கொதிக்கக் கீழே மிகவும் குளிர்ந்திருந்தால் தண்ணீர் ஓடவில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் தண்ணீர் ஓடுகிறது, காற்று சூட்டை எடுக்கவில்லை. ரேடியேட்டர் முகத்தில் துப்பாக்கியை மெல்ல நகர்த்தினால் அடைத்த குழாய்கள் குளிர்ந்த திட்டுகளாகத் தெரியும். ஒரு ஹெட்டை இறக்கும் கூலியைவிட மலிவான கருவி இது.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே நடக்கும் சேதத்தில் பெரும்பங்கு அதன் வழியாகத்தான் வருகிறது. ரேடியேட்டரில் ஊற்ற ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் பிடிக்கிறோம். அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசிய உப்புகள் சூடுபட்டதும் பிரிந்து, மிகவும் சூடான சுவரிலேயே, அதாவது சிலிண்டரைச் சுற்றியும் ஹெட்டின் உள்ளேயும் படிகின்றன. ஒரு மில்லிமீட்டர் தடித்த சுண்ணாம்புப் படிவு, சூட்டைத் தடுப்பதில் இருபத்தைந்து மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட வார்ப்பிரும்புக்குச் சமம். முள் சாதாரணமாகக் காட்டினாலும் உள்ளே இரும்பு வெந்துகொண்டிருக்கும்.

இதில் ஒரு சுழற்சியும் இருக்கிறது. வண்டி கொதிக்கிறது, நீர் ஆவியாகப் போகிறது, உப்பு உள்ளேயே தங்குகிறது, மறுபடி உப்புநீரை ஊற்றுகிறோம், படிவு தடிக்கிறது, முன்னைவிடச் சீக்கிரம் கொதிக்கிறது. தினமும் ஒரு லிட்டர் ஊற்றி ஓட்டும் வண்டி தினமும் ஒரு லிட்டர் நீரின் உப்பைச் சேமிக்கிறது. காய்ச்சி வடித்த நீரையும் கூலன்ட்டையும் சரிபாதியாகச் சேர்ப்பதுதான் முறை. இங்கே பனி உறைவதில்லை, கூலன்ட் எதற்கு என்று கேட்கிறார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே; துருவையும் அரிப்பையும் தடுப்பது, கொதிநிலையை உயர்த்துவது ஆகியவைதான் நமக்கு வேண்டியவை. கூலன்ட்டுக்கு வழியே இல்லையென்றால் சுத்தமாகப் பிடித்த மழைநீர் ஆழ்துளை நீரைவிட எவ்வளவோ மேல்.

ஏற்கெனவே படிந்ததை எடுப்பதற்கு ஒரு நல்ல வழி இன்னும் உயிரோடு இருக்கிறது. பழைய ஜீப்பின் ரேடியேட்டர் பித்தளையும் செம்பும். அனுபவமுள்ள ரேடியேட்டர் பட்டறையில் ஈயத்தை உருக்கி மேல்தொட்டியைக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய தகட்டுக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து மறுபடி பற்றவைப்பார்கள். இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருவது எனக்குக் கவலை தருகிறது. பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டரில் இது முடியாது. அடைத்தால் மாற்ற வேண்டியதுதான். பித்தளை ரேடியேட்டர் வைத்திருப்பவர் அதைப் பழைய இரும்பு எடைக்குப் போட்டுவிட்டு மலிவான அலுமினியத்தைப் பொருத்துவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ரேடியேட்டரைச் சுத்தம் செய்தால் மட்டும் போதாது, பிளாக்கையும் பார்க்க வேண்டும். பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்தால் தண்ணீர் பாய வேண்டும். ஒன்றும் வராவிட்டால் உள்ளே சகதி நிரம்பியிருக்கிறது. கம்பியால் குத்திவிட்டு, ஹோஸைக் கழற்றித் தண்ணீரைத் தலைகீழ்ப் பாதையில் அடித்துக் கழுவ வேண்டும். பம்ப்பிலிருந்து தள்ளியிருக்கும் பின் சிலிண்டர்ப் பக்கத்தில்தான் சகதி அதிகம் தங்கும். படிவைக் கரைக்க எலுமிச்சை உப்புக் கரைசல் போதும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் உண்டு. அது படிவோடு சேர்த்து உலோகத்தையும் ஈயப்பற்றையும் தின்றுவிடும்.

இப்போது தெர்மோஸ்டாட். "நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை" என்ற நம்பிக்கை தமிழ்நாடு முழுவதும் வேரோடியிருக்கிறது. வெளியே 40 டிகிரி இருந்தாலும் இன்ஜின் ஓட வேண்டியது 80, 90 டிகிரியில். பொதுவாக 82 டிகிரியில் மெழுகு உருகித் திறக்கும் இந்தச் சிறு வால்வு, இன்ஜினைச் சீக்கிரம் அந்தச் சூட்டுக்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்துகிறது. அது இல்லாத டீசல் இன்ஜின் சமதளத்தில் குளிர்ந்தே ஓடி டீசலை முழுதாக எரிக்காமல் வீணாக்கும். சிலிண்டர் தேய்மானமும் கூடும். இதைவிட முக்கியமானது, பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடுகிறது. வால்வையே எடுத்துவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்திருக்கும். கொதிநீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குத் திரும்பும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலை ஏற்றத்தில் சூட்டைக் கூட்டும். சந்தேகம் இருந்தால் அதைச் சட்டியில் போட்டுக் காய்ச்சிப் பாருங்கள். திறக்கவில்லையென்றால் புதிது வாங்குங்கள். வண்டியின் உதிரிபாகங்களில் மிக மலிவானவற்றில் அதுவும் ஒன்று. மூடியபடி சிக்கிய தெர்மோஸ்டாட் வண்டியைக் கொதிக்க வைக்கும் என்பது உண்மைதான். கெட்டுப்போன பாகத்தை மாற்றுவதும் அந்தப் பாகமே வேண்டாம் என்பதும் ஒன்றல்ல.

சூட்டுக்கு நேரடித் தொடர்பில்லாததாகத் தோன்றும் காரணங்களையும் விட்டுவிடக் கூடாது. ஏற்றத்தில் இழுவை வேண்டும் என்று டீசல் பம்ப்பில் அளவைக் கூட்டி வைப்பது இங்கே வழக்கம். சைலன்சரில் கரும்புகை கக்கிக்கொண்டு ஏறும் ஜீப், அதன் ரேடியேட்டர் தாங்கும் அளவைவிட அதிக சூட்டை உண்டாக்குகிறது. பம்ப் டைமிங் பிந்தியிருந்தாலும் எரிதல் பிந்தி, சூடு வேலையாக மாறாமல் சுவருக்கும் புகைக்கும் போகும். பிரேக் ஷூ டிரம்மைப் பிடித்துக்கொண்டிருந்தால் இன்ஜின் அதையும் சேர்த்து இழுக்கிறது. ஓடி வந்ததும் நான்கு டிரம்களையும் வெப்பமானியால் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். கியரும் ஒரு காரணம். மூன்றாம் கியரில் திணறி ஏறுவதைவிட இரண்டாம் கியரில் சற்றுக் கூடுதல் சுற்றில் ஏறுவது நல்லது. வாட்டர் பாடியும் ஃபேனும் வேகமாகச் சுற்றும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் ஹெட் கேஸ்கெட். அதையும் ஹெட்டை இறக்காமலேயே சோதிக்கலாம். இன்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரைக் கழுத்து வரை நிரப்பி, ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓட்டிப் பாருங்கள். பெல்ட் இல்லாததால் பம்ப் தண்ணீரைக் கலக்காது. அப்போதும் குமிழிகள் விடாமல் வந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிகிறது. மூடி போட்டுக் குளிரக் கிளப்பிய ஒன்றிரண்டு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்போல இறுகுவதும், வெளியே கசிவே இல்லாமல் தண்ணீர் குறைவதும், டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த நிறத்தில் வருவதும் அதே நோயின் அடையாளங்கள். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனையும் உண்டு; எரிந்த வாயு பட்டால் அதன் நிறம் மாறும்.

ஹெட் கேஸ்கெட் பெரும்பாலும் சூட்டின் காரணமல்ல, அதன் விளைவு. ரேடியேட்டர் அடைத்திருந்ததால் வண்டி கொதித்தது. கொதித்ததால் ஹெட் வளைந்தது. வளைந்ததால் கேஸ்கெட் போனது. கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் அடைத்த ரேடியேட்டர் புதிய கேஸ்கெட்டையும் தின்றுவிடும். ஹெட்டை இறக்கத்தான் வேண்டுமென்றால் நேர்க்கோலும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவை அளக்கச் சொல்லுங்கள். வால்வுகளுக்கு இடையே வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தேவையில்லாமல் லேத்தில் ஃபேஸிங் போட்டு டீசல் ஹெட்டைக் குறைத்தால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி போய்விடும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக, டார்க் ரெஞ்சு வைத்துத்தான் முறுக்க வேண்டும். கைக்கணக்கு இங்கே உதவாது.

ஓட்டுநர்களுக்கு இரண்டு விஷயம். வழியில் கொதித்தால், தண்ணீர் இன்னும் இருக்கிறது என்று தெரிந்தால், நிறுத்தி நியூட்ரலில் சற்றே கூடுதல் சுற்றில் விட்டு முள் இறங்கிய பின் அணையுங்கள். தண்ணீர் கொட்டிப்போயிருந்தால் உடனே அணைத்துவிட்டு அரைமணிக்குமேல் காத்திருங்கள். காய்ந்து கொதிக்கும் இன்ஜினில் ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்றினால் ஹெட் வெடிக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகமும் கையும் வெந்துவிடும். இறக்கத்தில் இன்ஜின் ஆறட்டும் என்று அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டுவது எதைவிடவும் ஆபத்து. இன்ஜினின் பிடிமானம் போய்விடும். பூஸ்டர் உள்ள வண்டியில் இரண்டு மூன்று மிதியில் பிரேக் கல்லாகிவிடும். பின்னால் அமர்ந்திருப்பவர்கள் யாரும் அதற்குச் சம்மதம் தந்திருக்க மாட்டார்கள்.

கார்த்திகை பிறப்பதற்கு முன், ஆண்டுக்கு ஒரு தடவை, ரேடியேட்டரைத் திறந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்துவிடுங்கள். பட்டறையில் "ஹெட்டை இறக்கணும்" என்று சொன்னால், முதலில் அந்தக் குமிழியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகு இறக்கட்டும்.